பிரிட்ஜ் ரெக்டிஃபையரை எல்டிஸ்பைஸில் ஓட்டுவது எப்படி? கிரவுண்டு எங்கே வைப்பது?

குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகள் ஒரு டயோடு கருகினால்கூட நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரைக்கூட, சால்டரிங் வைக்கும் முன் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள் என்று விடாமல் சொல்கிறேன்.

என் தேர்வு எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் சாஃப்ட்வேர். இலவசம், மழையில் நெட் போனாலும் ஓடும். பிரவுசரில் ஓடும் ஃபால்ஸ்டாட், கரண்ட் பாயும் திசையைப் பார்க்க அருமை. ஆனால் அளவுகளுக்கு நான் எல்டிஸ்பைஸைத்தான் நம்புவேன்.

1. ஒரு வோல்டேஜ் சோர்ஸ், பிரிட்ஜாக நான்கு டயோடு, 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 150 ஓம் லோடு. வயரால் இணையுங்கள்.

2. சோர்ஸில் சைன் தேர்ந்தெடுத்து ஆம்ப்ளிட்யூட் 17, ஃப்ரீக்வென்சி 50 கொடுங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்தானே, ஏன் 17? 12 என்பது ஆர்எம்எஸ் (பயனுறு மதிப்பு). பீக், அதாவது அலையின் உச்சம், அதைப்போல் 1.414 மடங்கு.

3. இனி கிரவுண்டு. இங்கேதான் நிதானம் வேண்டும். பழக்கத்தில் சோர்ஸின் அடியில் ஒன்று, அவுட்புட் மைனஸில் ஒன்று என இரண்டு வைத்துவிடுவார்கள். இரண்டும் ஒரே நோடு (இணைப்புப் புள்ளி) ஆகிவிடுவதால், நடுவில் இருக்கும் டயோடு ஷார்ட். பாசிட்டிவ் அரைச் சுற்றில் எல்லாம் சரியாகவே தெரியும். நெகட்டிவ் அரைச் சுற்றில் மற்றொரு டயோடு நேராக சோர்ஸுக்குக் குறுக்கே வந்து நிற்கும். அந்த டயோடின் மேல் கிளிக் செய்து பாருங்கள், நம்ப முடியாத கரண்ட் காட்டும். நிஜ போர்டில் கருகுவது அதுதான்.

ஆகவே கிரவுண்டு ஒன்றே ஒன்று, அவுட்புட் மைனஸில். சோர்ஸ் மிதக்கட்டும். அதன் அலையைப் பார்க்க, ஒரு முனையில் மவுஸை அழுத்தி அப்படியே மறுமுனைக்கு இழுத்து விடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வோல்டேஜ் வரும்.

லேபில் இரண்டு சேனல் சிஆர்ஓவிலும் (ஆசிலோஸ்கோப்) இதே கதைதான். இரு புரோபின் கிரவுண்டு கிளிப்பும் உள்ளே ஒன்றாகவே சேர்ந்திருக்கும். ஒன்றை டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியிலும் மற்றதை அவுட்புட் மைனஸிலும் மாட்டாதீர்கள்.

4. டிரான்சியன்ட் (நேரத்தோடு அலை மாறுவதைக் காட்டும் ஓட்டம்), 100 மில்லி செகண்ட், ரன். அவுட்புட் உச்சம் 15.5 வோல்ட் அளவில், ரிப்பிள் (அவுட்புட்டின் ஏற்ற இறக்கம்) ஏறத்தாழ 1 வோல்ட், நொடிக்கு 100 முறை. இப்படி வந்தால் போர்டுக்குப் போகலாம்.

பின்சேர்க்கை: லோடுக்கு இணையாக (பேரலலாக) ஒரு மெகா ஓம் சேர்த்ததும் அவுட்புட்டே காணோம் என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார். ஸ்பைஸில் 'எம்' பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் மில்லிதான். அப்படி அடித்தால் மெகா ஓம் மில்லி ஓமாகி, அவுட்புட்டையே ஷார்ட் செய்துவிடும். மெகாவுக்கு 'எம்இஜி' என மூன்று எழுத்தும் அடிக்க வேண்டும்.