டிஜிட்டலில் படம் கீறுபவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள்

திருகோணமலையில் போனிலும் டேப்லெட்டிலும் படம் கீறும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். சாதாரண தரத்தில் சித்திரப் பாடம் எடுத்தவர்களும் உண்டு, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறியே பழகியவர்களும் உண்டு. அவர்களுடைய படங்களைப் பார்க்கும்போது, கை பழகாததால் வரும் பிழைகள் குறைவாகத்தான் தெரிகின்றன. ஆப் தரும் வசதிகளுக்குள் ஒளிந்துகொண்டு வளரும் பிழைகள்தான் அதிகம். ஆயத்த பிரஷ், ஜூம், போட்ட கோட்டைத் திரும்ப எடுக்கும் அன்டூ, ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் போல வைத்துக் கீறும் லேயர் எல்லாம் நல்ல வசதிகளே. ஆனால் கண் பார்க்க வேண்டியதையும் அவற்றின் தலையில் கட்டிவிடுகிறோம்.

பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் படம் கீறுபவர்கள் என்றாவது ஒருநாள் அவற்றில் கை வைக்காமல் இருப்பதில்லை. உடம்பைப் பழுப்பு நிறத்தால் நிரப்பி, அதன் மேல் புள்ளி பிரஷ் ஒன்றைத் தேய்த்துவிடுவார்கள். மான் உடனே சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் தட்டையாகிவிடும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கோட்டை வாசலுக்குள் போய் அரை மணி நேரம் நின்றால் போதும். புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடப்பதில்லை. முதுகு நடுவில் ஓடும் கருமையான பட்டையை ஒட்டி வரிசையாகப் போகின்றன. வயிற்றுப் பக்கம் உடம்பு வளையும் இடத்தில் வட்டமாகத் தெரியாமல் ஒடுங்கி நீள்வட்டமாகத் தெரிகின்றன. அந்த ஒடுக்கத்தைக் கீறினால் உடம்பின் உருட்சி தானாக வந்துவிடும். எந்தப் புள்ளி பிரஷுக்கும் அந்த வளைவு தெரியாது.

மானிலேயே இன்னொன்று. பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்து நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்துக் கீறுகிறார்கள். அது உண்மையில் குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. இது பிடிபட்டால் தெருவில் படுத்திருக்கும் மாடு, நாய், ஆடு எல்லாவற்றின் பின்னங்காலும் சேர்ந்தே சரியாகிவிடும். ஆகவே பிரஷ் பொதிகளை இறக்கிச் சேர்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். விளிம்பு கூர்மையான ஒரு வட்ட பிரஷ், மென்மையான ஒன்று, இரண்டும் தாராளமாகப் போதும்.

அடுத்தது ஜூம். பத்திரகாளி அம்மன் கோவில் கோபுரத்தைக் கீற உட்கார்ந்தால், ஒரு சிலையின் மூக்குத்தி வரைக்கும் உள்ளே போய்விடுகிறோம். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் எங்கு பார்த்தாலும் ஒரே இரைச்சல், கண் தங்க இடமில்லை. வீதியில் நின்று பார்க்கும் ஒருவருக்கு முதலில் தெரிவது வெயில் பட்ட பக்கம், படாத பக்கம், அடுக்குகள் மேலே போகப் போகக் குறுகுவது, அவ்வளவுதான். அதைப் படம் பெருவிரல் நகத்தளவு சின்னதாக இருக்கும்போதே சரி செய்துவிட வேண்டும். சிலைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதுவும் கண் போய் நிற்க வேண்டிய ஓரிரு இடங்களில் மட்டும்.

வெளிச்சம்தான் பெரிய வில்லங்கம். இணையத்தில் பார்த்துப் பழகியவர்கள் எல்லாப் படத்துக்கும் இடப்பக்க மேல் மூலையிலிருந்து சாய்வாக வெளிச்சம் விடுகிறார்கள். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அப்போது நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். முகத்தில் கண்குழி, மூக்கின் அடி, நாடியின் அடி மூன்றும் இருண்டிருக்கும். சித்திரை வருடப்பிறப்புக் காட்சியை நடுப்பகலில் வைத்துவிட்டு நிழலைப் பத்தடி நீளத்துக்கு இழுத்தால் பார்க்கிறவருக்கு ஏதோ இடிக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது. நிலாவெளிக் கடலுக்குள் சூரியன் மறைவதாகக் கீறிய படங்களையும் பார்க்கிறோம். அது கிழக்குக் கடல்! அங்கே தண்ணீருக்குள்ளிருந்து சூரியன் எழும்பத்தான் செய்யும். மாலைச் சூரியனைத் தண்ணீரின் மேல் பார்க்க ஆசையென்றால் உள்துறைமுகப் பக்கம் போகலாம்.

நிழலுக்குக் கறுப்பைக் கலப்பதும் இதோடு சேர்ந்ததுதான். அடியிலுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயர் ஒன்றைத் திறந்து, சாம்பலையோ கறுப்பையோ தடவிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். படம் அழுக்குப் படிந்தது போலாகிவிடுகிறது. காலையில் வெயில் ஏறிய பிறகு திருக்கடலூர்க் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகொன்றின் பக்கத்தில் நின்று, அதன் நிழல் பக்கத்தைக் கவனியுங்கள். படகின் உட்புற நிழல் வானத்தைப் பார்த்திருப்பதால் அதில் நீலம் கலந்திருக்கும். வெளிப்புறத்தில் மணலைப் பார்த்துச் சரிந்த அடிப்பகுதி, மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை வாங்கி மஞ்சள் தட்டியிருக்கும். நிழலிலேயே மிக இருட்டான இடம், படகு மணலைத் தொடும் அந்த ஒடுங்கிய கோடுதான். இந்த மூன்றையும் மூன்று நிறமாகப் போட்டுப் பாருங்கள், படகு மணலில் உட்கார்ந்துவிடும்.

நிறம் சரியா என்று குழம்பினால், படத்துக்கு மேலே கறுப்பு நிரப்பிய லேயர் ஒன்றை வைத்து அதன் பிளெண்டிங் மோடை, அதாவது அடியிலுள்ள படத்தோடு அது கலக்கும் விதத்தை, கலர் என்று மாற்றுங்கள். முழுப் படமும் சாம்பலாகிவிடும். அப்போது எதுவும் பிரிந்து தெரியாவிட்டால் குறை நிறத்தில் இல்லை, வெளிச்சமும் இருட்டும் போதிய அளவு விலகவில்லை. படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்ப்பதும் அதே மாதிரி உதவி. கணினியில் படம் கீறும் கிரிட்டா மென்பொருளில் எம் (M) விசையை அழுத்தினால் போதும். கோணிய முகமும் சரிந்த படகும் உடனே காட்டிக்கொடுக்கும். சொல்ல மறந்துவிட்டேன், போனில் கண் பாதுகாப்பு மோட் ஓடிக்கொண்டிருந்தால் திரை மஞ்சளாக இருக்கும். அந்தத் திரையை நம்பிப் போட்ட நிறம் வேறொருவர் போனில் நீலமாகப் போய் நிற்கும். கீறும் நேரத்தில் அதை நிறுத்திவையுங்கள்.

அன்டூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே கோட்டை இருபது தரம் அழித்துக் கீறுவதைவிட, மணிக்கட்டை விட்டுத் தோளிலிருந்து கையை அசைத்து ஒரே இழுப்பில் போடப் பழகுவது நல்லது. பிசகினால் பிசகட்டும், அடுத்த பக்கத்துக்குப் போங்கள். புகைப்படத்தின் மேல் லேயர் வைத்து அப்படியே ஒற்றி எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. போன் கமராவின் வழக்கமான லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கிட்ட வைத்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். நீங்கள் கவனமாக ஒற்றுவது அந்தக் கோணலைத்தான். இரண்டு மூன்று எட்டு பின்னால் போய், கொஞ்சம் ஜூம் செய்து எடுத்த படத்தைப் பார்த்துக் கீறுங்கள்.

கருவிகளில் காசைக் கொட்டுவதும் ஒரு தவறு. பேனாவை அழுத்தும் பலத்தை டேப்லெட் பிரித்தறிவது 2048 படிகளிலா 8192 படிகளிலா என்று கடையில் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பழகும் கைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. திரையில்லாத பென் டேப்லெட் வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. டேப்லெட்டின் நீள அகல விகிதமும் கணினித் திரையின் விகிதமும் ஒத்துப்போகாவிட்டால், கை வட்டம் போட்டாலும் திரையில் முட்டைதான் வரும். ஆள் தன் கையைத் திட்டிக்கொண்டிருப்பார். டிரைவர் அமைப்பில் விகிதத்தைப் பொருத்திவிட்டால் தீர்ந்தது. மென்பொருளுக்கும் காசு கட்டத் தேவையில்லை. கிரிட்டா இலவசம், கணினியில் எவ்வளவு பெரிய வேலைக்கும் ஈடுகொடுக்கும். போனில் ஐபிஸ் பெயின்ட்டின் இலவசப் பதிப்பே நெடுநாளுக்குக் காணும்.

கடைசியில் அச்சு. கோவில் திருவிழா போஸ்டர், டியூஷன் துண்டுப்பிரசுரம், உப்புவெளியில் விற்கும் டீசேர்ட் என்று ஏதாவது ஒரு வேலை வரும்போதுதான் பழைய பிழைகள் எல்லாம் வெளியே வரும். ஏ4 தாளில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், தெளிவாக அடிக்க, கான்வாஸ் 2480க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். போனில் திறந்தவுடன் கிடைக்கும் கான்வாஸில் கீறிவிட்டுப் பிறகு பெருப்பித்தால் விளிம்பெல்லாம் கலங்கிவிடும். லேயர்களை ஒன்றாக்கி ஜேபெக் மட்டும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதைத் திறந்து திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் தேயும், எழுத்தை மாற்றித் தரச் சொன்னால் அடியிலிருந்து தொடங்க வேண்டிவரும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

புறாத்தீவுக் கடலின் அந்தப் பச்சை கலந்த நீலம் திரையில் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் தாளில் மங்கித்தான் வரும். திரை வெளிச்சத்தால் காட்டும் நிறங்கள் எல்லாவற்றையும் அச்சகத்தின் நான்கு நிற சிஎம்ஒய்கே மையால் தர முடியாது. கிரிட்டாவில் கன்ட்ரோல் (Ctrl), வை (Y) விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு முன்கூட்டியே பார்க்கலாம். போனில் மட்டும் வேலை செய்பவர்கள் முழு எண்ணிக்கையும் அடிக்கக் கொடுக்கும் முன் ஒரேயொரு மாதிரிப் பிரதி அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். கடலின் நிறத்தை அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துவதுதான் சுகம்.