இறால் கூடத்து உப்புக் கழிவுநீர்: சின்ன ஆர்.ஓ. அமைப்பது எப்படி?

மண்டபம், பாம்பன் பக்கம் இறால், நண்டு, கணவாய் சுத்தம் செய்யும் கூடங்களின் கழிவுநீரில் உப்பு, கொழுப்பு, புரதம், தரை கழுவிய குளோரின் எல்லாம் கலந்திருக்கும். கரையோர ஆழ்துளைக் கிணற்று நீரே பல இடங்களில் உவர்ப்புதான். உள்நாட்டு நீர்நிலையில் விட டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலியவற்றின் மொத்த அளவு) லிட்டருக்கு 2,100 மி.கி.யைத் தாண்டக் கூடாது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறை அருகில் இருக்கும்போது கடலில் திறந்துவிடும் யோசனையே வேண்டாம். அதனால் உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும்: நீரை அழுத்தத்தோடு மெம்பரேன் என்ற நுண்சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிக்கும் அமைப்பு இது.

கணக்குக்கு: மணிக்கு 1,000 லிட்டர் கழிவுநீர், டி.டி.எஸ். லிட்டருக்கு 12,000 மி.கி.

1. முன்சுத்திகரிப்பு. பணத்தில் பெரும்பங்கை இங்கே போடுங்கள். மெம்பரேன் கெட்டதாகச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் கெட்டது இதுதான். செதில், ஓடு பிடிக்க 1 மி.மீ. சல்லடை, பிறகு கொழுப்புத் தொட்டி, அதன்பின் காற்றூட்டும் தொட்டி. காற்றூட்டும் தொட்டியின் நுண்ணுயிர்களை உப்புக்குச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஒரே நாளில் உப்பை ஏற்றினால் செத்துப்போகும். கடைசியாக, நுண்துகளைப் பிடிக்கும் யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்பரேன். அதை அரை மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் பின்னோட்டமாகக் கழுவுங்கள்.

2. எஸ்.டி.ஐ. சோதனை. நீர் மெம்பரேனை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் எண் இது. 0.45 மைக்ரான் வடிதாள், 2.1 பார் அழுத்தம். முதல் 500 மி.லி. நிரம்ப 30 விநாடி, 15 நிமிடம் கழித்து அதே அளவுக்கு 50 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 1 − 30/50 = 0.4, நூறால் பெருக்கி 15ஆல் வகுத்தால் 2.7. மூன்றுக்குக் கீழே, நல்லது. ஐந்தைத் தாண்டினால் ஆர்.ஓ.வை இயக்காதீர்கள்.

3. மருந்து. பாலிஅமைடு மெம்பரேனுக்குக் குளோரின் எமன். யு.எஃப். தாங்கும், ஆர்.ஓ. தாங்காது, சிதைந்தால் எந்த மருந்தாலும் மீளாது. அதனால் குளோரினை நீக்க, 1 மி.கி. குளோரினுக்கு 3 மி.கி. சோடியம் மெட்டாபைசல்பைட், அதாவது நீரில் லிட்டருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் 1,000 லிட்டருக்கு 3 கிராம். மெம்பரேனில் உப்புப் படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட், அதே 1,000 லிட்டருக்கு 3–5 கிராம். பிறகு 5 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி.

4. ஆர்.ஓ. கடல்நீர் வகை 4040 (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) மெம்பரேன் ஆறு, ஒரே வரிசையில். 60% நீரை மீட்டால் 600 லிட்டர் நல்ல நீர், 400 லிட்டர் ரிஜெக்ட் (உப்பு மிகுந்து வெளியேறும் நீர்). ரிஜெக்ட்டின் டி.டி.எஸ். 30,000 ஆகிவிடும். அழுத்தம் சுமார் 35 பார் தேவைப்படும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் இது: கடைசி மெம்பரேனிலிருந்து மணிக்கு 700 லிட்டராவது ரிஜெக்ட் வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் அழுக்கும் அங்கேயே படியும். அதனால் 800 லிட்டர் ஓடவிட்டு, பாதியைப் பம்பின் உறிஞ்சு பக்கத்துக்கே திருப்புங்கள். அப்போது பம்பு மணிக்கு 1,400 லிட்டர் தள்ள வேண்டும். 1,000 லிட்டருக்கென்று பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

5. ரிஜெக்ட். நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 8,000 லிட்டர். இதை வெயிலில் காயவைக்க, நாளுக்கு 4 மி.மீ. ஆவியாகும் என்று வைத்தால் அரை ஏக்கர் பாத்தி வேண்டும். அடியில் தார்ப்பாய் போதாது, தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி காயாது. அந்த நாட்களுக்குத் தனிச் சேமிப்பு வேண்டும். இந்த உப்பை உணவு உப்போடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

6. கழுவுதல். நல்ல நீரின் அளவு 10% குறைந்தாலோ, மெம்பரேன் வரிசைக்குள் போகும், வெளிவரும் இடங்களின் அழுத்த வேறுபாடு 15% கூடினாலோ மெம்பரேனைக் கழுவிவிடுங்கள். முதலில் காரம்: 0.1% காஸ்டிக் சோடா, பி.எச். 12, வெப்பம் 30 டிகிரிக்குள். அதன்பின் 2% சிட்ரிக் அமிலம். அமிலத்தை முன்னால் விட்டால் புரதப் படிவு இறுகிவிடும். இரண்டையும் ஆர்.ஓ. நீரிலேயே கரையுங்கள்.

7. மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கூடம் ஓயும்போது மெம்பரேனை அப்படியே விட்டால் பாசி பிடிக்கும். நல்ல நீரால் அலசி, 1% மெட்டாபைசல்பைட் கரைசலை நிரப்பி, காற்றுப் புகாமல் மூடுங்கள். வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள், 3க்குக் கீழே போனால் கரைசலை மாற்றுங்கள். திரும்ப ஓட்டும் நாளில், முதல் ஒரு மணி நேரத்து நீரைத் தொட்டியில் சேர்க்காமல் முன்சுத்திகரிப்புத் தொட்டிக்கே திருப்பிவிடுங்கள்.