முதுகுவலி மனதையும் மூளையையும் பிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மூன்று மாதத்தைத் தாண்டிய முதுகுவலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்குள் பலரிடம் வேறு மாற்றங்களும் தெரியத் தொடங்கிவிடும். ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் மனதில் நிற்காது. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஐந்து நிமிடத்தில் “என்ன சொன்னே?” என்பார்கள். பாத்திரம் உருளும் சத்தத்துக்கே சுள்ளென்று கோபம் வரும்.

இதைச் சோம்பல், திமிர் என்று வீட்டார் எடுத்துக்கொள்வதுதான் மிகவும் காயப்படுத்தும் தவறு. வலி மூளையின் அபாய மணி. அது ஓயாமல் அடிக்கும்போது கவனத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. கேட்டதைச் சற்று நேரம் பிடித்து வைக்கும் செயல்நினைவுக்கு மிச்சம் கொஞ்சம்தான். நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களின் முன்மூளையில் நரம்புச் செல்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதி குறைந்திருப்பதை 2004இல் வந்த ஸ்கேன் ஆய்வு காட்டியது. இதைப் படித்து “மூளை சுருங்கிவிட்டது” என்று பயப்படவும் வேண்டாம். சிகிச்சையில் வலி குறைந்தவர்களுக்கு அந்தப் பகுதியின் தடிமன் மீண்டதை 2011 ஆய்வு கண்டது.

மறதிக்கு மாத்திரையும் காரணமாகலாம். வலிக்குத் தரப்படும் ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டிராமடால் எல்லாமே மந்தத்தைத் தரக்கூடியவை. மந்தம் எந்த மாத்திரை தொடங்கியபின், எந்த அளவு கூட்டியபின் வந்தது என்று தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இவற்றோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம்.

“வலி போனால் மனசு தானாகச் சரியாகும்” என்று காத்திருப்பவர்கள் அதிகம். மனச்சோர்வு வலியைக் கூட்டும், வலி தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் மறுநாள் வலி இன்னும் உறைக்கும். ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும். மனச்சோர்வுக்கும் வலிக்கும் தரப்படும் டுலாக்ஸ்டின் மாத்திரையை எழுதித் தந்தால் “எனக்கென்ன மனநோயா?” என்று தூக்கிப் போடாதீர்கள். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகள் செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற தூது ரசாயனங்களை நம்பியிருக்கின்றன. அம்மருந்து அந்த ரசாயனங்களைத்தான் கூட்டுகிறது. திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், ஷாக் அடிப்பதுபோல் இருக்கும்; படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மனச்சோர்வை அளக்கும் PHQ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில் (ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்) மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். அதில் தூக்கம், அசதி பற்றிய கேள்விகளுக்கு வலியே மதிப்பெண்ணை ஏற்றிவிடும் என்பதால், ஆர்வமின்மை, சோகம் பற்றிய முதல் இரண்டைக் கூர்ந்து பாருங்கள். தன்னை வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாவதற்குப் பூஜ்யம் தவிர எந்த விடை வந்தாலும் அன்றே உதவி தேடுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் “டிஸ்க் தேய்மானம்”, அதாவது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தையின் தேய்மானம், என்று பார்த்ததும் நடமாட்டத்தை நிறுத்துவதும் தவறு. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்தபோதும் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம் பேருக்கு அந்தத் தேய்மானம் இருந்தது. பயந்து படுத்தால் தசை தளரும், வெளியே போவது குறையும், மனம் இன்னும் சோரும்.

நேர்மாறாக, வலி குறைந்த நாளில் நிலுவை வேலை அனைத்தையும் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பார்கள். “நம்மால் எதுவும் முடியாது” என்ற எண்ணத்தை இதைப்போல ஊன்றுவது வேறில்லை. மூன்று நாள் வலி கூடாமல் நடக்க முடிந்த நேரத்தைக் குறியுங்கள். 10, 16, 4 நிமிடம் என்றால் சராசரி 10. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 8 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் அதே 8, மோசமான நாளிலும் முடிந்தவரை அதே 8. வாரம் ஒரு நிமிடம் கூட்டினால் போதும்.

எல்லாவற்றையும் மனதின் மேல் போடுவதும் ஆபத்து. தொடையிடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் அடைத்தால் அல்லது தெரியாமல் கசிந்தால், இரு கால்களும் வலுவிழந்தால் அந்த மணிநேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தது ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.