வீட்டருகே உள்ள வயலைப் படமெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவிரிப் பாசனப் பகுதியில் வாழும் ஒருவர் முதன்முதலாகக் கேமரா வாங்கியதும், கொல்லையைத் தாண்டினால் தெரியும் வயலை "தினமும் பார்ப்பதுதானே" என்று விட்டுவிட்டு வெளியூர் போகிறார். வயலிலேயே இறங்கினாலும், கண்முன் இருப்பதை விட்டு, நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய கிராமத்தைத் தேடுகிறார். பழகிய இடத்தைப் படமெடுப்பதில் இதுவே பெரிய தவறு என்பது என் கருத்து. மற்றவற்றுள் பல இதிலிருந்தே பிறக்கின்றன.

கதிரறுக்கும் இயந்திரம், மின்கம்பம், வரப்பில் வைத்த பிளாஸ்டிக் குடம், நடவுக்காரப் பெண்கள் புடவைமேல் அணிந்திருக்கும் ஆண்களின் முழுக்கைச் சட்டை ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு மாட்டுவண்டிக்காகக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சட்டை வெயிலிலிருந்தும் நெற்பயிரின் அரம் போன்ற இலை விளிம்பிலிருந்தும் கையைக் காக்கிறது. அதை விலக்கினால் வேலையின் உண்மையையே விலக்குகிறோம். கண்ணை உறுத்தும் கம்பியை ஓரடி நகர்ந்து தவிர்ப்பது வேறு, இன்றைய ஊரை ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஊராகக் காட்டுவது வேறு.

அடுத்தது நேரம் பற்றிய தவறு. காலையில் ஒரு மணி நேரம் பொன்னொளி கிடைக்கும் என்று குளிர்நாட்டுப் பாடங்களில் படித்துவிட்டு நிதானமாகக் கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். மார்ச் மாத இறுதியில் லண்டனில் உதித்த சூரியன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 9 பாகைதான் உயரும். தஞ்சாவூர்ப் பக்கம் ஏறத்தாழ 14 பாகை ஏறிவிடும். எனவே நமக்குக் கிடைக்கும் மென்மையான ஒளி அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும், விடியுமுன்பே வரப்பில் நிற்க வேண்டும். பல ஊர்களில் நாற்றுப் பறிப்பு அதிகாலையிலேயே தொடங்கிவிடுவதால் நல்ல ஒளி அதற்குத்தான் வாய்க்கிறது. நடவு சூடுபிடிக்கும்போது வெயில் ஏறி, குனிந்திருப்பவர் முகம் நிழலில் மறைந்துவிடும். சித்திரை, ஆவணி மாதங்களின் முற்பகுதியில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்நேரம் மரத்தடியிலோ மாட்டுக்கொட்டகையிலோ படமெடுப்பது நல்லது.

ஒளியளவை முழுவதுமாகக் கேமராவிடம் விட்டுவிடுவதும் வயலில் அடிக்கடி நேரும் தவறு. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டு அளவிடும். உழுத சேற்றில் நிற்கும் ஒற்றைக் கொக்கை எடுக்கும்போது, கருஞ்சேற்றை வெளிறச் செய்ய முயன்று கொக்கின் இறகுகளை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். அங்கே ஒளியளவை ஒரு படி, அதாவது பாதியாக, குறைக்க வேண்டும். மார்கழிப் பனியில் இதற்கு நேர்மாறாக ஒரு படி கூட்டாவிட்டால், வெண்பனி அழுக்குப் புகையாகிவிடும். கைப்பேசியில் கொக்கின்மேல் விரலை வைத்து, தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும்.

நின்ற உயரத்திலேயே எல்லாவற்றையும் எடுப்பதால் நாற்று முடிச்சும் எருமையும் மனிதரும் ஒரே கோணத்தில் அமைந்து சலிப்பூட்டுகின்றன. குந்தி உட்கார்ந்தால் நாற்று நுனிகளுக்கு மேல் வானம் தெரியும். நீர் நிறைந்த வயலில், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியை லென்ஸில் மாட்டித் திருப்பினால், நாம் தேடிவந்த வானத்தின் நிழலே மறைந்துபோகக்கூடும். நாற்றங்காலின் பச்சை இயல்பாகவே கண்ணைப் பறிப்பது. படத்தைத் திருத்தும்போது அதற்கு மேலும் நிறமேற்றினால் இலைகளின் நரம்பும் நிழலும் ஒன்றாகக் குழம்பிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் நீராவி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஒருமுறை எடுத்துவிட்டு அந்த இடம் முடிந்தது என்று நினைப்பது வீட்டருகே இருப்பவர் செய்யக்கூடாத தவறு. வெளியூரிலிருந்து வருபவருக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். நமக்கோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறக்கப்படும் ஆண்டில், வறண்டு கிடந்த வாய்க்காலில் தண்ணீர் நுரைத்து வருவதிலிருந்து குறுவை நடவு, அறுவடை, சம்பா நடவு, தை மாத வைக்கோல் போர் வரை ஒரே மதகடியில் நின்று எடுக்கலாம். நாள் குறிக்காத படங்கள் சில ஆண்டுகளில் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால் தேதி, நெல் ரகம், ஊரார் அந்த வயலுக்கு வழங்கும் பெயர் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.

தெரிந்தவர்கள்தானே என்று கேட்காமல் படமெடுப்பது மிகவும் வருந்தத்தக்கது. முழங்காலுக்கு மேல் புடவையைத் தூக்கிச் செருகியிருக்கும் அக்காவுக்கு, அந்தப் படம் எத்தனை கைப்பேசிகளுக்குப் போகும் என்பது தெரியாது. முதலில் பேசி, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி, வேண்டாம் என்றால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். சம்மதித்தவருக்குப் படத்தை அச்சிட்டுக் கொடுக்கும்போது, நாற்று முடிச்சின் கட்டு தளர்ந்திருப்பதையோ வரிசை கோணியிருப்பதையோ அவர் விரல் வைத்துக் காட்டுவார். அடுத்த நடவில் நம் கண் அங்கேதான் முதலில் போகும்.