ஐசியில் மீந்துபோன கேட்டுகளை என்ன செய்வது?

74எச்சி00 (74HC00) என்ற லாஜிக் ஐசிக்குள் நான்கு நேண்ட் கேட்டுகள் இருக்கின்றன. இரண்டு இன்புட்டும் உயர்நிலையில் இருந்தால் மட்டும் தாழ்நிலையைத் தருவது நேண்ட் கேட். சின்ன சர்க்யூட்டுக்கு இரண்டே போதும். மீதி இரண்டின் அவுட்புட்டை அப்படியே விடலாம், தப்பில்லை. இன்புட்டை மட்டும் அந்தரத்தில் விடக்கூடாது.

இந்த ஐசி சிமாஸ் (CMOS) வகை, அதாவது மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஜோடிகளால் ஆனது. சிமாஸ் இன்புட் கிட்டத்தட்ட கரன்ட்டே எடுக்காது. அதனால் எதிலும் சேராத கால், பக்கத்து டிராக்கில் ஓடும் சிக்னலுக்கும் கிட்டே வரும் விரலுக்கும்கூட ஆடும். 5 வோல்ட் சப்ளையில் அது 2.5 வோல்ட் பக்கம் போய் நின்றால், உள்ளே மேலும் கீழும் இருக்கும் இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்தே பாதி திறந்துகொள்ளும். விசிசியிலிருந்து (VCC, சப்ளையின் பிளஸ் பக்கம்) கிரவுண்டுக்குக் கரன்ட் நேராக ஓடும். 25 டிகிரியில் அதிகபட்சம் 2 மைக்ரோ ஆம்பியரோடு சும்மா இருக்க வேண்டிய ஐசி, மில்லி ஆம்பியர் கணக்கில் குடிக்க ஆரம்பிக்கும். பேட்டரியில் ஓடும் சாதனம் என்றால் கேட்கவே வேண்டாம். கேட் ஆஸிலேட் ஆனால், அதாவது அவுட்புட் தானாகவே மாறி மாறி ஆடினால், அந்த இரைச்சல் சப்ளை வழியாக மற்ற கேட்டுகளையும் தொடும்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: ஸ்கிமேட்டிக்கில் (சர்க்யூட் வரைபடத்தில்) எல்லா கேட்டுகளையும் வையுங்கள். கிகாட் (KiCad) என்ற சர்க்யூட் வரையும் மென்பொருளில் இந்த ஐசிக்கு நான்கு கேட் யூனிட்டுகள், பவர் யூனிட் ஒன்று. தேவையான இரண்டை மட்டும் வைத்தால் மற்றவை கண்ணிலிருந்து மறைந்துவிடும், போர்டில் வெறும் பேடாகத்தான் வந்து நிற்கும்.

படி 2: மொத்தமாக மீந்த கேட்டின் இன்புட்டுகளைக் கிரவுண்டில் கொடுங்கள். மூன்றாவதும் நான்காவதும் மீதி என்றால் 9, 10, 12, 13 ஆகிய கால்கள். அவுட்புட்டான 8, 11-இல் க்யூ விசையை அழுத்தி, வேண்டுமென்றே விட்ட கால் என்று காட்டும் எக்ஸ் குறி போடுங்கள்.

இந்தக் கால் எண்களைச் சிடி4011-க்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதுவும் நான்கு நேண்ட்தான், ஆனால் அங்கே 10 ஓர் அவுட்புட். 9-ஐக் கிரவுண்டில் கொடுத்ததும் 10 உயர்நிலைக்குப் போகப் பார்க்கும், நீங்களோ அதையும் கிரவுண்டில் கட்டி வைத்திருப்பீர்கள். டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் வயரை இழுக்க வேண்டும்.

படி 3: பயன்படுத்தும் கேட்டிலேயே ஓர் இன்புட் மீந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆண்ட், நேண்ட் என்றால் விசிசிக்கு. ஆர், நார் என்றால் கிரவுண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் அவுட்புட் ஒரே நிலையில் சிக்கிக்கொள்ளும். பக்கத்து இன்புட்டோடு சேர்த்துக் கட்டுவோரும் உண்டு. அதை ஓட்டும் கேட்டுக்குச் சுமை கூடும் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

74எச்சி74 ஃபிளிப்-ஃபிளாப்பில் (ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சர்க்யூட்) பிரீசெட்டும் (அவுட்புட்டை 1 ஆக்கும் இன்புட்) கிளியரும் (0 ஆக்கும் இன்புட்) தாழ்நிலையில் இயங்குபவை. அவை தேவையில்லை என்றால் விசிசிக்குக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: ரெசிஸ்டர் வேண்டுமா? எச்சி வகையில் நேராகவே கட்டலாம். பழைய எல்எஸ் வகையில் (74எல்எஸ்00 போன்றவை) விசிசிக்கு இழுக்கும்போது 1 கிலோ ஓம் வழியாகக் கொடுப்பது வழக்கம். கனெக்டரிலிருந்து வரும் இன்புட்டை மறந்துவிடாதீர்கள்: கேபிளைக் கழற்றிய நொடியில் அதுவும் அந்தரத்தில்தான். அங்கே 10 கிலோ ஓம் புல்-அப் (விசிசிக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) அல்லது புல்-டவுன் (கிரவுண்டுக்கு இழுப்பது) ஒன்று போடுங்கள்.

படி 5: லேஅவுட்டில், கட்டும் டிராக்கை ஐசியின் வயிற்றுக்கு அடியில் ஒளிக்காமல் வெளியே கொஞ்சம் இழுத்து விடுங்கள். பிறகு ஓர் இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் கேட்) தேவைப்பட்டால், பிளேடால் அந்த டிராக்கை வெட்டி, மீந்த கேட்டை வயர் வைத்து இழுத்துக்கொள்ளலாம். புது போர்டு அடிக்கும் செலவு மிச்சம்.

அப்புறம் ஈஆர்சியை (ERC, ஸ்கிமேட்டிக்கில் இணைப்புத் தவறுகளைத் தேடும் கிகாட் சோதனை) ஓட்டுங்கள். இன்புட்டை எதுவும் ஓட்டவில்லை என்று அது சொல்லும் ஒவ்வொரு காலையும் தேடிப்போய்ப் பாருங்கள். எச்சரிக்கையை அணைத்து வைப்பது தீர்வல்ல.