தூள் நல்லது, பைக்கற்றுத்தான் கண்ணில் படவில்லை

எங்கள் கறித்தூளை வெள்ளவத்தையில் ஒருமுறை வாங்கியவர்களே அடுத்த மாதம் வேறு பைக்கற்றை எடுத்தார்கள். குறை லேபலில். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர் ஒரே அளவு. எதுவும் மனதில் நிற்கவில்லை. போதாததற்கு 100 கிராம் பைக்கற்று சிவப்பு, 250 கிராம் பைக்கற்று பச்சை.

இரண்டுக்கும் ஒரே மஞ்சள் நிறம் போட்டோம். மேல்பாதி முழுக்க அம்மிக்கல் படம். படத்துக்கு மொழி வேண்டாம். மாதிரியைக் கடைத்தட்டில் வைத்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பெயரை வாசிக்கமுன் பைக்கற்று பிடிபட வேண்டும்.

மஞ்சள் அச்சுக்கு அச்சு மாறும். அச்சகத்துக்குப் பன்டோன் எண்ணோடு (அச்சு நிறத்தைக் குறிக்கும் எண்) பழைய பைக்கற்றையும் கொடுங்கள்.

பெயர் மனதில் நிற்கிறதா என்று பார்க்க, வாடிக்கையாளரிடம் முதலில், "கறித்தூள் எண்டால் எந்தப் பெயர் ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். பைக்கற்றைப் பிறகு காட்டுங்கள். முதலே காட்டினால், கண்டதைத்தான் சொல்வார்கள்.