பயோ பார்க்கில் லேப் எடுக்கும் முன் அதன் போர்டைப் படிப்பது எப்படி

போன வாரம் சித்தி மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டான். "அண்ணே, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பயோ பார்க்ல ஆயிரத்து இருநூறு சதுர அடி பார்த்துட்டேன், வாடகை படியுது, கையெழுத்துப் போட்டுடவா?" பயோ பார்க் என்றால் உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கு லேபை வாடகைக்கு விடும் வளாகம். போர்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "கேட்ல பெருசா ஒரு போர்டு இருக்குண்ணே, சரியா படிக்கல" என்றான்.

சிரித்துவிட்டேன், ஆனால் முதல் லேப் எடுத்தபோது நானும் அப்படித்தான். இயக்குநர் குழு என்றால் ஏதோ ஐந்தாறு பெரிய மனிதர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடி முந்திரி சாப்பிட்டுக் கலைவார்கள், நமக்கென்ன என்று நினைத்திருந்தேன். எங்கள் பார்க்கில் இருந்த ஒரே ஜெனரேட்டர் அடிக்கடி மக்கர் பண்ணியது. இரண்டாவது ஒன்று வேண்டும் என்று கடிதம் கொடுத்தோம். மேனேஜர் நல்ல மனிதர், பார்க்கும்போதெல்லாம் "போர்டுக்குப் போட்டிருக்கேன் சார், நோடோணா" என்பார், பார்ப்போம் என்று கன்னடத்தில். பிறகுதான் தெரிந்தது, எங்கள் கடிதம் போவதற்கு இரண்டு வாரம் முன்புதான் போர்டு கூடி முடித்திருக்கிறது, அடுத்த கூட்டத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. நடுவில் ஒரு சனிக்கிழமை இரவு கரண்ட் போனது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. திங்கள் காலை மைனஸ் 80 ஃப்ரீசரைத் திறந்தால் இரண்டு வருடம் சேர்த்த கிளிசரால் ஸ்டாக், அதாவது உறைய வைத்த நுண்ணுயிர் மாதிரிகள், எல்லாம் தண்ணீராக நின்றது.

அதனால் தம்பிக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பார்க்கின் பெயரை மறந்துவிடுங்கள். வாசலில் இருப்பது பிராண்டு; வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் கம்பெனியின் பெயர் வேறாக இருக்கும், சில சமயம் நிலம் ஒரு கம்பெனி, கட்டடம் இன்னொன்று, பராமரிப்பு மூன்றாவது. அவர்களின் லெட்டர்ஹெட்டில் 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு சிஐஎன், அதாவது கம்பெனி அடையாள எண், இருக்கும், சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அதை எடுத்துக்கொண்டு எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் கம்பெனியைத் தேடினால் இயக்குநர்களின் பெயர், 8 இலக்க டின் (இயக்குநர் அடையாள எண்), சேர்ந்த தேதி எல்லாம் வரும். ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களையும் பார்க்கலாம். ஒரு மசால் தோசை, காபி காசு. சில அரசு இன்குபேட்டர்கள் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையங்கள்) கம்பெனியே கிடையாது, சொசைட்டியாகப் பதிவானவை; அவற்றை எம்சிஏவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், ஆட்சிக் குழுப் பட்டியலை நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்.

பட்டியல் கையில் வந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, பெயரையும் பட்டத்தையும் பார்த்து அசந்துபோவது. பெயரை விடுங்கள், அந்த நாற்காலி யாருடையது என்று பாருங்கள். அரசு சார்ந்த பார்க் என்றால் சில நாற்காலிகள் அரசுடையவை. சென்னை தரமணி டைசல் பயோ பார்க் டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்) முன்னின்று எழுப்பியது. அந்த வகைப் பார்க்குகளின் போர்டில் ஐஏஎஸ் அதிகாரிகள் பதவி வழியாக வருவார்கள், மாற்றல் ஆனதும் போய்விடுவார்கள். இயக்குநர் மாற்றத்தைத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவங்களை வரிசையாகப் பார்த்தால் இரண்டு வருடத்தில் மூன்று பேர் மாறியது தெரியும். இதில் கெட்டது எதுவும் இல்லை, ஆனால் ஒரு அதிகாரியிடம் நேரில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டோம் என்று நம்பி உட்காராதீர்கள், எல்லாவற்றையும் எழுத்தில், பதவியின் பெயருக்கு அனுப்புங்கள். முதலீட்டு நிறுவனம் தன் சார்பில் உட்காரவைத்த நாமினிக்கு வேறு கணக்கு: கட்டடத்தை எப்போது விற்பது, வாடகை வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது. நிறுவனர் குடும்பம் மட்டுமே இருக்கிற போர்டில் முடிவு வேகமாக வரும், அதே வேகத்தில் மாறவும் செய்யும்.

அப்புறம், அந்தப் பட்டியலில் ஒருவராவது லேபுக்குள் கால் வைத்தவரா? எனக்கு இதுதான் முக்கியம். எல்லோரும் ஐடி பார்க் கட்டிப் பழகியவர்கள் என்றால் லேபையும் ஆபீஸாகவே பார்ப்பார்கள். ரசாயனப் புகையை இழுக்கும் ஃப்யூம் ஹுட்டின் புகைக்குழாய் மொட்டை மாடி வரை போக வேண்டும், கழிவுநீரைச் சாதாரணக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்டிபி) விட முடியாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த ஒப்புதல் நம்முடைய வேலையையும் சேர்த்துத்தான் கொடுத்ததா என்று பார்க்க வேண்டும், உயிரி மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகள் தனி. இதெல்லாம் செலவு, செலவுக்குக் கையெழுத்து போர்டுடையது. ஃப்ரீசர் ஏன் ராத்திரியிலும் ஓட வேண்டும் என்று கேட்காத ஒருவர் அந்த மேஜையில் இருந்தால் போதும்.

இனி காலண்டர். கம்பெனிச் சட்டம் 2013 படி போர்டு வருடத்துக்கு நான்கு முறையாவது கூட வேண்டும், இரண்டு கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது, 7 நாள் முன் நோட்டீஸ் போக வேண்டும். ஹைதராபாத் ஜீனோம் வேலியில் உள்ள ஐகேபி நாலெட்ஜ் பார்க் மாதிரி லாப நோக்கமற்ற பிரிவு 8 கம்பெனி என்றால் இந்த நான்கு கூட்டக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடினாலே போதும். ஆக நீங்கள் கேட்க வேண்டியது மேனேஜரை அல்ல, போர்டு கூட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரியை. அடுத்த கூட்டம் எந்த வாரம், அஜெண்டா எப்போது மூடுகிறது என்று கேட்டு, அதற்குப் பத்து நாள் முன் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும், யார் கட்டுவது, செய்யாவிட்டால் என்ன கெடும். ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்தான், ஐந்து பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. தலைபோகிற அவசரம் என்றால் சுற்றறிக்கைத் தீர்மானம் என்று ஒன்று உண்டு, கூடாமலே இயக்குநர்களுக்கு அனுப்பிப் பெரும்பான்மை ஒப்புதல் வாங்கலாம். மூன்றில் ஒரு பங்கு பேர் வேண்டாம், கூட்டத்திலேயே பேசலாம் என்றால் மட்டும் அது கூட்டத்துக்குப் போய்விடும். எங்களுக்கு அன்று இது தெரிந்திருந்தால் ஜெனரேட்டர் ஏப்ரலிலேயே வந்திருக்கும்.

தாக்கல் செய்த ஆவணங்களில் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். ஆண்டு அறிக்கையோடு வரும் ஏஓசி-2 இணைப்பைத் தேடுங்கள், இயக்குநர்களுக்கு வேண்டப்பட்டவர்களோடு கம்பெனி செய்த பேரங்கள் அதில் வரும். ஹவுஸ்கீப்பிங், டீசல், ஏசி பராமரிப்பு எல்லாம் ஒரு இயக்குநரின் சொந்தக்காரர் கம்பெனிக்கே போகிறது என்றால் அது சட்ட விரோதம் என்று அர்த்தம் இல்லை, முறையாக அறிவித்துச் செய்யலாம், ஆனால் உங்கள் பராமரிப்புக் கட்டணம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்பதற்குப் பதில் அங்கே இருக்கலாம். எம்ஜிடி-7 என்ற ஆண்டு விவரப் படிவத்தில் யார் எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்பது இருக்கும். பிரோஷரில் பெரிய படமாகப் போட்டிருக்கும் விஞ்ஞானி நான்கில் ஒன்றுக்குத்தான் வந்திருப்பார். பன்னிரண்டு மாதம் ஒரு கூட்டத்துக்கும் வராவிட்டால் பதவியே போய்விடும் என்பதால் அந்த ஒன்று!

கம்பெனியின் ஆண்டுக் கணக்கு எம்சிஏவில் நேரத்துக்கு ஏறுகிறதா என்றும் பாருங்கள். தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள் ஐந்து வருடம் தகுதி இழப்பார்கள். 2017-இல் இப்படி 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அமைச்சகம் பட்டியல் போட்டது. அடமானப் பட்டியலையும் ஒரு கண் பாருங்கள். கட்டடம் வங்கியிடம் இருந்தால், உங்களுக்கு வாடகைக்கு விட வங்கியின் தடையில்லாக் கடிதம் கேளுங்கள்.

கடைசியாக, கையெழுத்துப் போடும் நாளில் அவர்கள் பக்கம் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் கொடுத்த போர்டு தீர்மானத்தின் சான்றிட்ட நகலை வாங்கி ஒப்பந்தத்தோடு சேருங்கள். "இதெல்லாம் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்பார்கள். ஒசூரிலிருந்து தினம் அத்திப்பள்ளி டிராஃபிக்கைத் தாண்டி வேலைக்கு வரும் நமக்குப் பொறுமை புதிதா என்ன, உட்கார்ந்து வாங்கிக்கொண்டே கிளம்புங்கள். தம்பி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. செக்ரட்டரிக்கு மெயில் போட்டிருக்கிறான், கூட்டம் அடுத்த மாதம் மூன்றாவது வாரமாம், ஜெனரேட்டரைப் பற்றித் தனியாக ஒரு கேள்வியும் சேர்த்திருக்கிறான்.